புக்கரெஸ்ட் இல்லக் குழந்தைகள்: தொடக்கக்கால வளர்ச்சி குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

ருமேனியாவில் 1989ஆம் ஆண்டு இறுதியில் கம்யூனிச ஆட்சி கவிழ்ந்தபின் அந்நாட்டின் குழந்தைகள் இல்லங்களுக்குள் சென்ற வெளிநாட்டு மருத்துவர்களும் செய்தியாளர்களும் மெலிந்த உடல்களையும் நாற்றமடித்த படுக்கைகளையும் பற்றி எழுதினார்கள். பின்னாளில் அத்தகைய இல்லங்களில் ஆண்டுக்கணக்கில் பணிபுரிந்த உளவியல் ஆய்வாளர்களை மிகவும் கலங்கச் செய்தது வேறொன்று. கைக்குழந்தைகள் நிறைந்த அறைகளில் அழுகைச் சத்தமே கேட்கவில்லை. கட்டில்கள் வரிசையாகக் கிடந்தன, ஒவ்வொன்றிலும் ஒரு குழந்தை விழித்திருந்தது, சில குழந்தைகள் முன்னும் பின்னுமாகத் தம்மைத் தாமே ஆட்டிக்கொண்டிருந்தன, ஆனால் எவரையும் அழைக்கும் குரல் எழவில்லை.

அழுகை என்பது அழைப்பு. அழுதால் யாரோ வருவார்கள், தூக்குவார்கள், முகம் பார்த்துப் பேசுவார்கள் என்பதைக் குழந்தை பிறந்த சில வாரங்களிலேயே கற்றுக்கொள்ளத் தொடங்குகிறது. எத்தனை முறை அழைத்தாலும் எவரும் வராத இடத்தில் அந்தக் கற்றல் எதிர்த்திசையில் நடக்கிறது, குழந்தை அழைப்பதை நிறுத்திவிடுகிறது. தொடக்கக்கால வளர்ச்சி உளவியலின் முதன்மைக் கருத்தாக்கங்களான பிணைப்பு, உணர்திறன் பருவம், அனுபவத்தை எதிர்பார்த்திருக்கும் மூளை ஆகிய மூன்றையும் ஒரே இடத்தில் வைத்துப் பார்க்க உதவும் நிகழ்வாக, ருமேனியத் தலைநகர் புக்கரெஸ்டில் இந்த இல்லங்களின் குழந்தைகளைப் பின்தொடர்ந்த 'புக்கரெஸ்ட் தொடக்கநிலைத் தலையீட்டு ஆய்வு' இங்கே எடுத்துக்கொள்ளப்படுகிறது.

இல்லங்கள் எப்படி நிரம்பின

1966 அக்டோபரில், 1989 வரை ருமேனியாவை ஆண்ட நிக்கோலாய் சௌசெஸ்குவின் அரசு 770ஆம் எண் ஆணையைப் பிறப்பித்தது. நாட்டின் மக்கள்தொகையைப் பெருக்கித் தொழில்துறைக்கு ஆள் சேர்க்கும் நோக்கத்துடன் கருக்கலைப்பு ஏறத்தாழ முற்றிலும் தடை செய்யப்பட்டது, கருத்தடைச் சாதனங்கள் கிடைப்பது அரிதாயிற்று, பிள்ளை இல்லாதவர்கள் மீது தனி வரி விதிக்கப்பட்டது. ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.9 என்றிருந்த பிறப்பு விகிதம் அடுத்த ஆண்டே 3.7ஆக உயர்ந்தது. வளர்க்க வழியில்லாத குடும்பங்கள் குழந்தைகளை அரசு இல்லங்களில் விட்டன. பெற்றோரைவிட அரசே நன்றாக வளர்க்கும் என்ற பிரச்சாரமும் அதற்குத் துணை நின்றது. ஆட்சி வீழ்ந்தபோது இந்த இல்லங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் இருந்தனர். 'அநாதை இல்லம்' என்று உலகம் இவற்றை அழைத்தபோதிலும், இக்குழந்தைகளில் பெரும்பாலோருக்குப் பெற்றோர் உயிருடன் இருந்தனர் என்பதை மறந்துவிடக் கூடாது. அவர்களை அந்தக் கட்டில்களில் கொண்டு சேர்த்தது ஒரு கொள்கை.

2000ஆம் ஆண்டு வாக்கில் நிலைமை ஓரளவு மாறியிருந்தது. பட்டினி குறைந்திருந்தது, அறைகள் சூடாக இருந்தன, பொம்மைகளும் இருந்தன. மாறாதது பராமரிப்பின் அமைப்பு. ஒரு பணியாளரின் பொறுப்பில் பத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் இருந்தனர். பணிமுறை மாறும்போதெல்லாம் முகங்கள் மாறின. எல்லாக் குழந்தைகளுக்கும் ஒரே நேரத்தில் உணவு, ஒரே நேரத்தில் துணி மாற்றம், ஒரே நேரத்தில் உறக்கம் என்ற ஒழுங்கு நிலவியது. எந்தக் குழந்தைக்கு எப்போது என்ன வேண்டும் என்று பார்த்துச் செய்ய அந்த ஒழுங்கில் இடமில்லை. பணியாளர்களைக் குறை சொல்வது நியாயமாகாது. பன்னிரண்டு கைக்குழந்தைகளுக்கு நடுவே தனித்து நிற்கும் எவரும் இப்படித்தான் வேலை செய்திருப்பார். உணவும் கதகதப்பும் ஓரளவு கிடைத்து, குறிப்பிட்ட ஒரு மனிதரின் கவனம் மட்டும் கிடைக்காமல் போனால் குழந்தைக்கு என்ன ஆகும் என்ற கேள்வியைக் கிட்டத்தட்டத் தனியே பிரித்துப் பார்க்கும் நிலை இவ்வாறு உருவாகியிருந்தது.

இந்தக் கேள்விக்கு இருந்த பழைய விடைகள்

கேள்வி புதிதன்று. 1940களில் ரெனே ஸ்பிட்ஸ் சுகாதாரம் நிறைந்த குழந்தைக் காப்பகம் ஒன்றில் வளர்ந்த குழந்தைகளையும், சிறையில் இருந்தாலும் தாயின் கையில் வளர்ந்த குழந்தைகளையும் ஒப்பிட்டு, தூய்மையான காப்பகத்தில்தான் குழந்தைகள் தளர்ந்துபோயினர் என்று காட்டினார். உலக சுகாதார நிறுவனத்துக்காக 1951இல் அறிக்கை எழுதிய ஜான் போல்பி, குழந்தையின் மனநலத்துக்குத் தாயுடனோ தாயின் இடத்தில் நிலையாக இருக்கும் ஒருவருடனோ நெருக்கமான, தொடர்ச்சியான உறவு இன்றியமையாதது என்று வாதிட்டார். விஸ்கான்சினில் ஹாரி ஹார்லோ குரங்குக் குட்டிகளைக் கம்பியால் செய்த பொம்மைத் தாயுடனும் துணி போர்த்திய பொம்மைத் தாயுடனும் விட்டபோது, பால் தந்தது கம்பித் தாயாகவே இருந்தாலும் குட்டிகள் துணித் தாயையே பற்றிக்கொண்டன. பசியைத் தீர்ப்பவர்மீது குழந்தைக்குப் பற்று வருகிறது என்ற அந்நாளைய கருத்து அதனுடன் ஆட்டம் கண்டது.

போல்பி வகுத்த கருத்தாக்கத்தைத் தமிழில் 'பிணைப்பு' என்று சொல்கிறோம். இங்கே ஒரு விளக்கம் தேவைப்படுகிறது. பாசம் என்று நாம் வழக்கமாகச் சொல்வது பெரியவர்கள் குழந்தைமீது கொண்டிருக்கும் உணர்வு. பிணைப்பு குழந்தையின் பக்கத்திலிருந்து எழுவது. அச்சம், வலி, களைப்பு வரும்போது குறிப்பிட்ட ஒருவரை நாடிச் செல்வதும், அவர் அருகில் இருக்கும் துணிவில் விலகிப் போய் உலகைத் துழாவிப் பார்ப்பதும், மீண்டும் அவரிடம் திரும்பி வருவதுமான நடத்தை அமைப்பு அது. குழந்தையை வெளிப்படையாகக் கொஞ்சுபவரிடம்தான் அது உருவாகும் என்றில்லை. குழந்தை தரும் குறிப்புகளைக் கவனித்து, நம்பத்தக்க முறையில் பதில் தருபவரிடம் அது உருவாகும்.

இதை அளக்க வழி கண்டவர் மேரி எய்ன்ஸ்வொர்த். 1950களில் உகாண்டாவில் தாய்மாரையும் குழந்தைகளையும் வீடு வீடாகச் சென்று கவனித்த அவர், பிற்பாடு பால்டிமோரில் ஓர் எளிய சோதனையை வடிவமைத்தார். ஏறத்தாழ ஒரு வயதுக் குழந்தை தன் பராமரிப்பாளருடன் புதிய அறைக்குள் வருகிறது. அறிமுகமற்ற ஒருவர் நுழைகிறார். பராமரிப்பாளர் சிறிது நேரம் வெளியேறித் திரும்புகிறார். பிரியும்போது குழந்தை எவ்வளவு அழுகிறது என்பதைவிட, அவர் திரும்பி வரும்போது குழந்தை என்ன செய்கிறது என்பதே ஆய்வாளர் கூர்ந்து நோக்கும் இடம். அவரிடம் சென்று ஆறுதல் பெற்று, மீண்டும் விளையாட்டுக்குத் திரும்பும் குழந்தையின் பிணைப்பு பாதுகாப்பானது. அவரைத் தவிர்ப்பதும், அணைத்தாலும் ஆறாமல் எதிர்ப்பதும் வேறு வகைகள். அருகே போவதா விலகுவதா என்று முடிவெடுக்க முடியாமல் உறைந்து நிற்பது பின்னர் தனி வகையாகச் சேர்க்கப்பட்டது.

இவ்வளவு தெரிந்திருந்தும் ஓர் ஐயம் நீடித்தது. இல்லத்தில் இருந்த குழந்தைகளையும் தத்துக் கொடுக்கப்பட்ட குழந்தைகளையும் ஒப்பிட்ட பழைய ஆய்வுகளில் தத்தெடுப்பவர்களே குழந்தையைத் தேர்ந்தெடுத்தனர். துடிப்பாக, ஆரோக்கியமாகத் தோன்றிய குழந்தைகள் முதலில் எடுக்கப்பட்டிருக்கலாம். பிற்பாடு தெரியும் வேறுபாடு குடும்பத்தால் வந்ததா, தொடக்கத்திலேயே இருந்ததா என்று அத்தகைய ஆய்வுகளால் பிரித்துச் சொல்ல இயலவில்லை.

ஆய்வின் அமைப்பு

சார்லஸ் நெல்சன், நேதன் ஃபாக்ஸ், சார்லஸ் ஸீனா ஆகிய மூன்று அமெரிக்க ஆய்வாளர்கள் ருமேனிய அதிகாரிகளின் அழைப்பின் பேரில் 2000ஆம் ஆண்டையொட்டிப் பணியைத் தொடங்கினர். புக்கரெஸ்ட் நகரின் ஆறு இல்லங்களில் 187 குழந்தைகள் பரிசோதிக்கப்பட்டனர். மரபணுக் குறைபாடு முதலிய மருத்துவக் காரணங்கள் உடையோர் விலக்கப்பட்டபின் 6 முதல் 31 மாத வயதுடைய 136 குழந்தைகள் எஞ்சினர். குலுக்கல் முறையில் அவர்களில் 68 பேர் வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பப்பட்டனர், மற்ற 68 பேர் வழக்கமான பராமரிப்பிலேயே தொடர்ந்தனர். இல்லத்தையே காணாமல் புக்கரெஸ்டில் தம் பெற்றோருடன் வளர்ந்த 72 குழந்தைகள் ஒப்பீட்டுக்காகச் சேர்க்கப்பட்டனர்.

அப்போது அந்நகரில் வளர்ப்புப் பராமரிப்பு என்ற ஏற்பாடே பெயரளவில்தான் இருந்தது. ஆகவே ஆய்வுக் குழு தானே 56 குடும்பங்களைத் தேடிப் பயிற்சி அளித்து, ஊதியம் தந்து, சமூகப் பணியாளர்களைத் தொடர்ந்து அனுப்பி அந்த ஏற்பாட்டை உருவாக்க வேண்டியிருந்தது. இந்தக் குழந்தையைத் தன் குழந்தையாகவே எண்ணி முழுமையாக ஈடுபட வேண்டும் என்பதுதான் வளர்ப்புப் பெற்றோருக்குக் கூறப்பட்ட முதன்மையான அறிவுரை. இந்த ஆய்வின் எண்களைப் படிக்கும்போது 'குடும்பம்' என்ற சொல் இங்கே குறிப்பது இந்தத் தரத்திலான, ஆதரவு பெற்ற குடும்பத்தைத்தான் என்பதை மனத்தில் கொள்ள வேண்டும். ஒரு குழந்தையை எந்த வீட்டில் விட்டாலும் இதே விளைவு கிடைக்கும் என்று இவ்வாய்வு சொல்லவில்லை.

குழந்தைகள் 30, 42, 54 மாத வயதுகளிலும், பின்னர் 8, 12, 16 வயதுகளிலும், வயது வந்தவர்களான பிறகும் மதிப்பிடப்பட்டனர். ஆண்டுகள் செல்லச் செல்ல இல்லத்தில் விடப்பட்டிருந்த குழுவிலும் பலர் தத்தெடுக்கப்பட்டனர், சொந்தக் குடும்பத்துக்குத் திரும்பினர், அரசின் புதிய வளர்ப்புக் குடும்பங்களுக்குச் சென்றனர். ஆய்வாளர்கள் அதைத் தடுக்கவில்லை. எந்தக் குழந்தை எங்கே சென்றாலும் குலுக்கலில் விழுந்த குழுவிலேயே வைத்துக் கணக்கிட்டனர். குழுக்களுக்கிடையே காணப்படும் வேறுபாடு உண்மையைவிடக் குறைத்தே மதிப்பிடப்பட்டிருக்கும் என்பது இதன் பொருள். இந்தக் கட்டுப்பாடே ஆய்வின் முடிவுகளுக்கு வலுச் சேர்க்கிறது.

எண்கள் சொல்வது

54 மாத வயதில் இல்லக் குழுவின் சராசரி நுண்ணறிவு ஈவு (ஐ.கியூ.) 73. வளர்ப்புக் குடும்பக் குழுவுக்கு 81. பெற்றோருடன் வளர்ந்தவர்களுக்கு 109. 2007இல் 'சயன்ஸ்' இதழில் இந்த முடிவுகள் வெளிவந்தபோது இல்லத்துக்கும் குடும்பத்துக்கும் இடையிலான 8 புள்ளி வேறுபாடே பெரும்பாலும் பேசப்பட்டது. குடும்பத்துக்குச் சென்ற குழந்தைகளுக்கும் ஒருபோதும் இல்லத்தைக் காணாத குழந்தைகளுக்கும் இடையே இருக்கும் 28 புள்ளி இடைவெளி அதே அளவுக்குப் பேசப்பட்டிருக்க வேண்டும் என்பது என் கருத்து. தலையீடு வேலை செய்தது, ஆயினும் இழந்ததை முழுதாக மீட்டுத் தரவில்லை. இரண்டும் ஒருசேர உண்மை.

குழந்தை எந்த வயதில் குடும்பத்துக்குச் சென்றது என்று பிரித்துப் பார்க்கும்போது படம் இன்னும் தெளிவாகிறது. 42 மாத வயதில் அளந்தபோது, 18 மாதத்துக்கு முன் சென்றவர்களின் சராசரி 94. 18 முதல் 24 மாதத்துக்குள் சென்றவர்களுக்கு 89. அதன்பின் சென்றவர்களுக்கு ஏறத்தாழ 80. ஒரே நகரம், ஒரே திட்டம், ஒரே தரத்திலான குடும்பங்கள். வேறுபட்டது குழந்தை அங்கே போய்ச் சேர்ந்த மாதம் மட்டுமே.

பிணைப்பைப் பொறுத்தவரை தொடக்க நிலையே திடுக்கிட வைத்தது. பெற்றோருடன் வளர்ந்த குழந்தைகள் அனைவரிடமும் பராமரிப்பாளரை நோக்கிய முழுமையாக உருவான பிணைப்பு காணப்பட்டது. இல்லக் குழந்தைகளிடம், அவர்களுக்கு மிகவும் பிடித்தவராகக் கருதப்பட்ட பணியாளருடன் வைத்துச் சோதித்தபோதும், நூற்றுக்குச் சுமார் 3 பேரிடமே அது இருந்தது. மற்றவர்களிடம் அது குறைபட்டோ, தொடக்க அறிகுறியாக மட்டுமோ, சிலரிடம் அறவே இல்லாமலோ இருந்தது. பாதுகாப்பற்ற பிணைப்பு என்று நாம் சொல்வதும்கூட ஒரு பிணைப்பே. இங்கே காணப்பட்டது அதற்கும் முந்திய வெறுமை. 42 மாத வயதில் மீண்டும் பார்த்தபோது, பெற்றோருடன் வளர்ந்தவர்களில் 65 விழுக்காட்டினரிடமும், வளர்ப்புக் குடும்பத்தில் இருந்தவர்களில் 49 விழுக்காட்டினரிடமும், இல்லக் குழுவில் 18 விழுக்காட்டினரிடமும் பாதுகாப்பான பிணைப்பு இருந்தது. இங்கும் 24 மாதத்துக்கு முன் சென்றவர்களுக்கே வாய்ப்பு அதிகமாக இருந்தது.

மொழியின் எல்லை இன்னும் முன்னதாகவே வந்தது. ஏறத்தாழ 15 மாதத்துக்குள் குடும்பத்துக்குச் சென்ற குழந்தைகளின் பேச்சும் புரிதலும் குடும்பத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இணையாக வந்தன. 24 மாதத்துக்குப் பின் சென்றவர்கள் மொழியில் கடுமையாகப் பின்தங்கினர். குழந்தை முதல் சொல்லைச் சொல்வதற்கு நெடுநாள் முன்பே மொழிக்கான அடித்தளம் இடப்படுவதால் இது நடக்கிறது. குழந்தையைக் காலில் கிடத்தி எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும் பாட்டி அதனிடம் ஓயாமல் பேசுகிறாள், அது ஓர் ஒலி எழுப்பினால் அதையே பதிலாகக் கொண்டு அடுத்த வாக்கியத்தைத் தொடுக்கிறாள். முறைவைத்துப் பேசும் இந்த உரையாடலில்தான் ஒலிகளும் இடைவெளிகளும் முகக்குறிப்புகளும் பொருளுடன் இணைகின்றன. இல்லத்தின் அறைகளில் குழந்தைகளின் காதில் ருமேனிய மொழி விழுந்துகொண்டுதான் இருந்தது. அவர்களிடம் நேராகப் பேசப்பட்டதுதான் அரிது.

உடல் வளர்ச்சி வேறொரு பாடம் தந்தது. வளர்ப்புக் குடும்பத்துக்குச் சென்ற குழந்தைகளின் உயரமும் எடையும் விரைவாக ஈடுகட்டின. தலையின் சுற்றளவு அப்படி ஈடுகட்டவில்லை. முதல் இரண்டு ஆண்டுகளில் மண்டையின் வளர்ச்சி மூளையின் வளர்ச்சியைப் பின்பற்றியே செல்வதால் இதனை எளிதில் தள்ளிவிட முடியாது. மூளையின் மின்அலைகளை அளக்கும் இஇஜி பதிவுகளில் இல்லக் குழந்தைகளின் மூளை அலைகள் வயதுக்குரிய முதிர்ச்சியின்றி, ஆல்ஃபா அலைகள் குறைந்தும் மெதுவான தீட்டா அலைகள் மிகுந்தும் காணப்பட்டன. 8 வயதில், 24 மாதத்துக்கு முன் குடும்பத்துக்குச் சென்றவர்களின் ஆல்ஃபா அலைகள் பெற்றோருடன் வளர்ந்தவர்களுடையதை ஒத்திருந்தன, பின்னர் சென்றவர்களுடையவை இல்லக் குழுவை ஒத்திருந்தன. எம்ஆர்ஐ படங்களில் நரம்பணுக்கள் செறிந்த சாம்பல்நிறப் பகுதி, இல்லத்தில் சிறிது காலமேனும் வாழ்ந்த இரு குழுக்களிலும் குறைவாகவே இருந்தது. நரம்பு இழைகளாலான வெண்ணிறப் பகுதி, குடும்பத்துக்குச் சென்றவர்களிடம் மீண்டு வரும் போக்கைக் காட்டியது.

மன அழுத்தத்துக்கு உடல் எதிர்வினையாற்றும் விதமும் சோதிக்கப்பட்டது. 12 வயதுப் பிள்ளைகளை அந்நியர் முன் பேசச் சொல்வது போன்ற சிறு நெருக்கடிகளுக்கு உட்படுத்தினால் கார்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோனின் சுரப்பு உயர்ந்து பின் தணிவது இயல்பு. இல்லக் குழுவில் அந்த உயர்வு மழுங்கிப்போயிருந்தது. நெடுநாள் நெருக்கடியில் வாழ்ந்த உடல் எச்சரிக்கை ஒலியைத் தணித்துக்கொண்டது போன்ற நிலை இது. இரண்டு வயதுக்கு முன் குடும்பம் கிடைத்தவர்களிடம் அந்த எதிர்வினை இயல்பான வடிவத்தில் இருந்தது.

அனுபவத்தை எதிர்பார்த்திருக்கும் மூளை

இந்த எண்களுக்குப் பின்னால் இருக்கும் இயக்கத்தை விளங்கிக்கொள்ள வில்லியம் கிரீனோ 1980களில் முன்வைத்த வேறுபாடு உதவுகிறது. சில வகைக் கற்றல் ஒவ்வொருவருக்கும் தனித்தனியானது. மிதிவண்டி ஓட்டுவதோ கிணற்றில் நீந்துவதோ எந்த வயதிலும் கற்கலாம், கற்காமலே இருந்தாலும் மூளைக்குக் குறைவில்லை. வேறு சில அனுபவங்களை எல்லா மனிதக் குழந்தைகளும் பெற்றே தீரும் என்ற கணிப்பிலேயே மூளை கட்டப்படுகிறது. ஒளி, வடிவங்கள், மனிதக் குரல், தன்னைப் பார்த்துச் சிரிக்கும் முகம் ஆகியவை அத்தகையவை. இவற்றை எதிர்பார்த்து மூளை தேவைக்கு மிகுதியான நரம்பிணைப்புகளை முன்கூட்டியே உருவாக்கிவைக்கிறது. அனுபவம் வரும்போது பயன்படும் இணைப்புகள் உறுதிப்படுகின்றன, பயன்படாதவை களையப்படுகின்றன. அனுபவம் வராவிட்டால் மூளை காத்துக்கொண்டே இருப்பதில்லை, களையெடுப்பு தன் காலத்தில் நடந்துவிடுகிறது.

டேவிட் ஹூபலும் டோர்ஸ்டன் வீசலும் பூனைக்குட்டியின் ஒரு கண்ணைப் பிறந்த சில வாரங்களில் மூடிவைத்தபோது, பின்னர் திறந்துவிட்ட பிறகும் அக்கண் மூளையுடன் சரிவர இணையவில்லை என்று கண்டார்கள். முதிர்ந்த பூனைக்கு அதையே செய்தபோது பாதிப்பு இல்லை. கண்புரையுடன் பிறக்கும் குழந்தைக்கு அறுவையைத் தள்ளிப்போடக் கூடாது என்று கண் மருத்துவர்கள் வலியுறுத்துவதும் இதே காரணத்தால்தான்.

பதில் தரும் ஒரு மனிதர் என்பதும் ஒளியைப் போலவே மூளை எதிர்பார்த்திருக்கும் அனுபவம் என்பதுதான் புக்கரெஸ்ட் ஆய்விலிருந்து நான் பெறும் முதன்மையான கருத்து. ஆனால் பார்வைக்கு இருப்பதைப் போல எல்லாவற்றுக்கும் ஒரே கதவும் ஒரே பூட்டும் இருக்கின்றன என்று அதை விரித்துவிடக் கூடாது. அதனால்தான் இங்கே 'நெருக்கடிப் பருவம்' என்ற பழைய சொல்லைவிட 'உணர்திறன் பருவம்' என்ற சொல் பொருந்துகிறது. முதலாவது ஒரு நாளில் அடைபடும் வாயிலைக் குறிக்கிறது. இரண்டாவது, அனுபவத்தின் விளைவு மிகுந்திருந்து படிப்படியாகக் குறையும் காலத்தைக் குறிக்கிறது. மொழிக்கு ஒரு காலம், பிணைப்புக்கு ஒரு காலம், மூளை அலைகளுக்கு ஒரு காலம் என ஒவ்வொரு திறனும் தனக்கேயுரிய நாட்காட்டியில் இயங்குகிறது. நுண்ணறிவில்கூட, மூன்றரை வயதில் அவ்வளவு தெளிவாகத் தெரிந்த வயது வேறுபாடு 8 வயதில் மங்கிவிட்டது, வளர்ப்புக் குடும்பக் குழுவுக்கு இருந்த முன்னிலை மட்டும் நீடித்தது. '24 மாதம்' என்ற எண்ணை ஒரு மதில்போல நிறுத்திப் பேசுபவர்கள் இந்த உண்மையைக் கணக்கில் கொள்வதில்லை.

மாறவே மாறாதவையும் இருந்தன. கவனக் குறைவும் மிகைத் துறுதுறுப்பும் குடும்பத்துக்குச் சென்ற பிறகும் குறையவில்லை. மனத்தில் ஒன்றை நிறுத்தி வைத்துக்கொள்ளுதல், உந்துதலைக் கட்டுப்படுத்துதல் ஆகிய திறன்களில் இரு குழுக்களும் பின்தங்கின. மனச்சோர்வு, பதற்றம் ஆகியவை மாறாகக் குடும்பத்தில் குறைந்தன, சிறுமியரிடம் அது நன்றாகவே தெரிந்தது.

அறம் குறித்த கேள்வி

குடும்பம் நல்லது என்று முன்பே நம்பிய ஆய்வாளர்கள் குலுக்கிப் போட்டு 68 குழந்தைகளை இல்லத்திலேயே விட்டது சரியா? இந்தக் கேள்வியைக் கேட்காமல் இந்நிகழ்வை எழுதி முடிப்பது நேர்மையாகாது. ஆய்வாளர்கள் கூறிய காரணங்கள் பின்வருமாறு: அப்போது அரசிடம் மாற்று ஏற்பாடு ஏறக்குறைய இல்லை. ஆய்வு இல்லாவிட்டால் 136 பேரும் இல்லத்திலேயே இருந்திருப்பார்கள். எந்தக் குழந்தையும் குடும்பத்திலிருந்து மீண்டும் இல்லத்துக்கு அனுப்பப்படவில்லை, இல்லக் குழுவில் எவருக்கேனும் குடும்பம் கிடைத்தால் குறுக்கே நிற்கவில்லை. மேலும் இல்லங்களே குழந்தைகளுக்கு ஏற்றவை என்று நம்பிய அதிகாரிகள் அந்நாட்டில் இன்னும் இருந்தனர், அவர்களை அசைக்க உறுதியான சான்று தேவைப்பட்டது.

இக்காரணங்களை நான் ஏற்கிறேன், ஆனால் எளிதாக ஏற்கவில்லை. வளர்ப்புக் குடும்பங்களுக்கான பணம் 68 குழந்தைகளுக்கு மட்டுமே போதுமானதாக இருந்தது என்றால், யாருக்குக் கிடைக்கும் என்பதைக் குலுக்கலில் தீர்மானிப்பது, அழகான குழந்தையைப் பார்த்துப் பொறுக்குவதைவிட நியாயமானது. எனினும் இல்லத்தில் விடப்பட்டவர்களின் ஒவ்வொரு மாதமும் பின்னாளில் ஒரு வரைபடத்தின் கோடாக ஆயிற்று என்பதை வாசகர் மறக்காமல் இருப்பது நல்லது. ஆய்வின் தொடக்க முடிவுகள் ருமேனிய அரசுக்குத் தெரிவிக்கப்பட்டன. 2004இல் இயற்றப்பட்டு அடுத்த ஆண்டு நடைமுறைக்கு வந்த சட்டம், கடுமையான ஊனம் உள்ளவர்கள் நீங்கலாக இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளை இல்லங்களில் வைப்பதைத் தடை செய்தது. அச்சட்டத்துக்கு ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர ருமேனியா எடுத்த முயற்சி உள்ளிட்ட வேறு அழுத்தங்களும் இருந்தன, ஆகவே முழுப் பெருமையையும் ஆய்வுக்கே அளிக்க முடியாது.

வேறொரு ஆய்வுடன் வைத்துப் பார்த்தால்

1990களின் தொடக்கத்தில் ருமேனியாவிலிருந்து இங்கிலாந்துக் குடும்பங்கள் தத்தெடுத்த 165 குழந்தைகளை மைக்கேல் ரட்டர் தலைமையிலான குழு பின்தொடர்ந்தது. இங்கிலாந்திலேயே சிறு வயதில் தத்தெடுக்கப்பட்ட 52 குழந்தைகள் ஒப்பீட்டுக் குழுவாயினர். அங்கே எல்லைக்கோடு 6 மாதத்திலேயே தெரிந்தது. அதற்குள் தத்தெடுக்கப்பட்டவர்கள் பெரும்பாலும் ஒப்பீட்டுக் குழுவைப் போலவே வளர்ந்தனர். 6 மாதத்துக்கு மேல் இல்லங்களில் கழித்தவர்களில் பலருக்குக் கவனக் குறைவும், அறிமுகமற்ற யாரிடமும் தயக்கமின்றி ஒட்டிக்கொள்ளும் போக்கும், ஆட்டிச நிலையை ஒத்த நடத்தைகளும் இளமைப் பருவம் வரை நீடித்தன.

6 மாதமா, 24 மாதமா? இரண்டையும் முரண்பாடாகக் கொள்ள வேண்டியதில்லை. இங்கிலாந்துக்குச் சென்ற குழந்தைகள் ஆட்சி வீழ்ந்த காலத்தின் பட்டினியையும் குளிரையும் அனுபவித்தவர்கள். புக்கரெஸ்ட் ஆய்வின் குழந்தைகள் ஓரளவு சீர்பட்ட இல்லங்களில் இருந்தவர்கள். மேலும் புக்கரெஸ்ட் ஆய்வில் 6 மாதத்துக்கு முன் குடும்பத்துக்குச் சென்ற குழந்தையே கிடையாது என்பதால் அந்த எல்லையை அதனால் சோதிக்கவே முடியாது. புறக்கணிப்பின் கடுமை, அதன் நீளம், அளக்கப்படும் திறன் ஆகிய மூன்றும் சேர்ந்தே எல்லைக்கோட்டை வரைகின்றன. இங்கிலாந்து ஆய்வின் இன்னொரு முடிவும் குறிப்பிடத்தக்கது. 6 மாதத்துக்கு மேல் அந்த இல்லங்களில் வாழ்ந்தவர்களிலும் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் இளமைப் பருவம் வரை எந்தக் கட்டத்திலும் மனநலச் சிக்கல் எதையும் காட்டவில்லை. அவர்களைக் காத்தது எது என்பது இத்துறையின் மிக முக்கியமான திறந்த கேள்விகளில் ஒன்று.

பொது மொழியில் 'பிணைப்புக் கோளாறு' என்று ஒன்றாகச் சொல்லப்படுபவை உண்மையில் இரண்டு என்பதையும் புக்கரெஸ்ட் ஆய்வு தெளிவாக்கியது. எவரிடமும் ஆறுதல் தேடாமல் ஒடுங்கியிருக்கும் நிலை ஒன்று. எவரிடம் வேண்டுமானாலும் சென்று மடியில் ஏறிக்கொள்ளும் நிலை மற்றொன்று. இரண்டாவது நிலையுள்ள குழந்தையைப் பார்ப்பவர்கள், அது எவ்வளவு அன்பாகப் பழகுகிறது என்று மகிழ்ந்துபோவதுண்டு. தனக்கென ஒருவரைக் கொண்டிராத குழந்தைக்குத்தான் எல்லோரும் ஒன்றாகத் தெரிகிறார்கள். இந்த இரண்டாம் நிலை குடும்பத்துக்குச் சென்ற பிறகும் பலரிடம் நீடித்தது, வளர்ப்புத் தாயுடன் நல்ல பிணைப்பு ஏற்பட்ட குழந்தைகளிடமும்கூடக் காணப்பட்டது.

முதல் நிலையின் கதை வேறு. குடும்பத்துக்குச் சென்ற சில மாதங்களிலேயே அது குறைந்து, பெரும்பாலும் மறைந்தது. இதில் குழந்தை சென்று சேர்ந்த வயது பெரிய வேறுபாட்டை உண்டாக்கவில்லை. முப்பது மாதங்களைக் கட்டிலில் கழித்துவிட்டு வந்த குழந்தையும், வலிக்கும்போது யாரிடம் போக வேண்டும் என்பதைப் புதிய வீட்டில் கற்றுக்கொண்டது. 12 வயதில் மீண்டும் பார்த்தபோது, முதலில் சென்ற அதே வளர்ப்புக் குடும்பத்திலேயே தொடர்ந்தவர்களின் மனநலம், இடையில் வீடு மாற்றப்பட்டவர்களுடையதைவிட நன்றாக இருந்தது.